வரைபடத்தின் நீல வட்டங்கள்

டார்லா ஹாஸ்கெட் எதற்கும் பயந்தவள் இல்லை. முட்ட வரும் காளையைத் தொப்பியால் அடித்தே திருப்பிவிடுவாள். வயோமிங் மாநிலத்தின் அந்த மேட்டுப் பண்ணைக்கு ஓர்வலின் மனைவியாக வந்து முப்பத்தொரு வருடம். கயிறு சுற்றி ஒரு விரல் போனதோடு சரி. பயத்தை அவள் கண்டது ஒரு நவம்பர் காலையில், தன் சமையலறைச் சுவரில்.

அங்கே மாமனார் ஒட்டிவைத்த பழைய நில அளவை வரைபடம் இருந்தது. வெளியே போகிறவர்கள் போகும் இடத்தில் ஒரு லாட ஆணியைக் குத்திவிட்டுப் போவது வீட்டு வழக்கம். பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மேய்ச்சல் நிலம். டார்லா படித்தது அவ்வளவுதான். பனி கொட்டி ஓய்ந்த அன்று, காணாமல்போன கன்றைத் தேடி ஓர்வல் விடியலிலேயே செவலைக் குதிரையில் கிளம்பியிருந்தான். அவனுடைய ஆணியைத் தேடினாள். அதை ஒட்டிப் பொட்டளவு நீல வட்டம். கிணறு.

எப்போதோ குடியேறி, தாக்குப்பிடிக்காமல் ஓடிப்போனவர்கள் வெட்டியது. பலகை போட்டு மூடியிருந்தது. வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும்போது விறகு நனைந்துகிடக்க, டார்லாதான் அந்தப் பலகைகளைப் பிடுங்கி எரித்தாள். நாளைக்கு மூடிக்கொள்ளலாம் என்று விட்டவள், அடியோடு மறந்துபோனாள். இப்போது காற்றில் உருண்டுவந்து கிணற்றின் வாயை அடைத்த முட்செடிமேல் பனி மூடித் தரை மாதிரியே இருக்கும்.

வண்டி போகும்வரை ஓட்டினாள், பிறகு ஓடினாள். குளம்படிகள் நேராகக் கிணற்றடிக்குப் போய்க் கலைந்துகிடந்தன. அதற்கப்பால் பனியில் ஒரு கருப்பு ஓட்டை.

ஓடிப்போனவர்களின் இடிந்த வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து ஓர்வல் வந்தான், கன்றை அணைத்தபடி. முகம் வெளிறியிருந்தது.

"செவலை நகர மாட்டேன்னு நின்னுடுச்சு. மூணு தடவ சாட்டையால அடிச்சேன், டார்லா. அப்புறம்தான் ஒரு கல்லப் போட்டுப் பாத்தேன்."

பலகை மக்கிப்போயிருக்கும் என்றான்.

"மக்கல. நான்தான் எரிச்சேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கன்றை இறக்கிவிட்டுக் கேட்டான்:

"மத்த கெணத்துலயும் எடுத்தியா?"

"மத்த கெணறுன்னா?"

சாயங்காலம் இருவரும் வரைபடத்தின்முன் நின்றார்கள். ஓர்வலுக்குத் தெரிந்த கிணறுகள் நான்கு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததில் நீல வட்டங்கள் பதினொன்று இருந்தன. அத்தனையும் அவர்கள் முப்பது வருடமாகக் குதிரையை விரட்டிய நிலத்தில்.

மறுநாள் ஓர்வல் எழுந்து வந்தபோது குதிரைக் கொட்டிலின் பலகைக் கதவைக் காணோம். டார்லாவின் ஆணி முதல் வட்டத்தில் குத்தியிருந்தது.