அக்னஸ் போட்ட ஆய்வு மனுக்கள்

விழுப்புரம் தனி மாவட்டமான 1993-இல் எங்கள் ஊருக்குக் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. நாற்பது ஊர்களுக்கு ஒரே பெரிய குழாய். திண்டிவனத்துக்கும் பெருமுக்கலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர்தான் அதில் கடைசி. மற்ற முப்பத்தொன்பது ஊரும் குடித்தது போக மிச்சம் எங்களுக்கு. மிச்சம் என்று வந்ததெல்லாம் வெறும் காற்று.

சத்துணவுக் கூடத்தில் சமைத்த அக்னஸுக்குத்தான் பெரிய பாடு. எண்பது பிள்ளைகளுக்கு உலை வைக்கத் தினமும் பன்னிரண்டு குடம் தண்ணீரை ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து சுமந்தாள். இரண்டு தடவை விழுந்து இடுப்பு பிசகியது. தண்ணீர் விடச் சொல்லி விழுப்புரத்துத் திட்ட அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டாள். 'ஆவன செய்யப்படும்' என்று தவறாமல் பதில் வந்தது. மரியாதை தெரிந்த அலுவலகம்.

ஒருநாள், திட்டம் எப்படி நடக்கிறதென்று பார்க்கச் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வந்தது. அன்று காலை வால்வு திறக்கும் பூமாலை, மேலதிகாரி சொன்னபடி மற்ற ஊர் வால்வுகளை அடைத்துவிட்டு எங்களுக்கு மட்டும் திறந்துவிட்டான். தண்ணீர் பீறிட்டது. குழுத் தலைவர் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துத் தலையாட்டி, தண்ணீர் வந்ததென்று மனுதாரர் அக்னஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜீப் ரோட்டில் ஏறியதும் குழாய் நின்றது.

ஊரே பூமாலையைத் திட்டியது. அக்னஸ் மட்டும் அடுத்த மனுவில் தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டு ஆய்வு கேட்டாள்.

"தண்ணி கேட்டா லெட்டர் வருது. ஆபீசருங்கள கேட்டா தண்ணி வருது" என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம்.

வருடத்துக்கு ஒரு ஆய்வாவது வர ஆரம்பித்தது. தேதி தெரிந்ததும் ஊரில் அண்டா குண்டானெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். சீனுவாசன் தன் மகள் கல்யாணத்தையே ஆய்வு நாளுக்கு மாற்றினார். அன்று முகூர்த்தமே இல்லை என்று ஐயர் முறைத்தார்.

"முகூர்த்தம் இல்லாம தாலி கட்டிடலாம் சாமி. தண்ணி இல்லாம பந்தி போட முடியுமா?" என்றார் சீனுவாசன். ஆய்வுக் குழுவும் பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு ஆய்வு செய்துவிட்டு, மொய் எழுதாமல் போனது.

2007-இல் பதினோராவது ஆய்வு. அந்த வாரம்தான் அக்னஸ் மறுபடியும் விழுந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு குழாயடியில் நின்றாள்.

"குறை ஏதாவது இருக்காம்மா?" என்று தலைவர் கேட்டார். அவருக்குப் பின்னால் பூமாலை கை கூப்பிக்கொண்டு நின்றான். தினக்கூலி, மூன்று பெண் பிள்ளைகள். மேலே இருப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், இவன் கழுத்துக்குத்தான் கத்தி வரும். அக்னஸுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க மட்டும் அடிக்கடி வந்துக்கினு இருங்க" என்றாள்.

மூன்றாம் மாதம் மனுதாரருக்கு அறிக்கையின் நகல் வந்தது. பதினோரு ஆய்விலும் தண்ணீர் வந்ததால் விநியோகம் சீராக உள்ளது, இனி இவ்வூருக்கு ஆய்வு தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அக்னஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். அலுவலர் பதினோரு ஆய்வுத் தாள்களையும் அவள் முன்னால் தள்ளினார்.

"அந்தப் பதினோரு நாளுதாங்க வந்துச்சு. மத்த நாள்ல ஒரு சொட்டு இல்ல."

"பதினோரு வாட்டியும் கையெழுத்துப் போட்டுட்டு இப்ப வந்து சொல்றியேம்மா" என்றார் அவர்.

ஒவ்வொரு தாளின் கீழேயும் பார்த்தாள். எல்லாம் அவள் கையெழுத்துதான்.