ஒரு பக்கம் தீட்டிய கத்தி

என் மேசை இழுப்பறையில் ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, ஆடிக்கொண்டிருக்கும் ஆணி, லேசாக வளைந்த தகடு. பென்சில் தேடிக் கையை விட்டால் அதுதான் முதலில் தட்டுப்படும். உடனே எரிச்சல் வரும். இன்றுவரை ஒரு முகத்தையும் அது உருப்படியாகச் சவரம் செய்ததில்லை.

கொடுத்தவர் என் மாமனார். சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் தாள் வெட்டும் கட்டிங் மாஸ்டர். என் கல்யாணத்தன்று காலையில் அவர் ஏற்பாடு செய்த சலூன்காரர் அரை பிளேடு மாட்டி மழித்ததில் முகமெல்லாம் தடித்துப்போய், ஆல்பம் முழுக்க அம்மை போட்டவன் மாதிரி நிற்கிறேன். அது அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஊரில் மற்ற மாமனார்கள் தலைதீபாவளிக்கு மோதிரம் போட்டார்கள், வாட்ச் கட்டினார்கள். இவர் மதுரையில் நடைபாதைக் கடை ஒன்றில் இந்தக் கத்தியை வாங்கி வந்தார். "பிளேடெல்லாம் ஒங்க தோலுக்கு ஆகாது மாப்ளே. இத நானே தீட்டித் தாரேன்" என்றார்.

விருதுநகரிலிருந்து நாங்கள் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாகவே போயிருந்தோம். லேபிள் வேலையெல்லாம் முன்பே ஓய்ந்துவிட்டதால் மாமாவுக்குக் கை சும்மா இருந்தது. கொல்லைப்புறக் குழாயடியில் சாணைக்கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் இரண்டு முனைகள்தான் தொட்டன. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அது அவர் கண்ணிலும் பட்டது. பட்டும் என்ன, இன்னும் அழுத்தித் தேய்த்தார். மட்டமான இரும்பு, தேய்க்கத் தேய்க்க விளிம்பு சுருண்டது, சுருண்டதை எடுத்தால் பொரிந்து உதிர்ந்தது. தீபாவளி வரை முகத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு. புது மாப்பிள்ளையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், மூன்று நாள் தாடியைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று என் மனைவியிடம் விசாரித்துப் போனார்கள்.

மூன்றாம் நாள் ஒரு லேபிள் தாளை அந்தரத்தில் பிடித்து ஒரே வீச்சு வீசினார். தாள் இரண்டாகி விழுந்தது. முகம் என்ன ரீம் தாளைவிடக் கெட்டியாகவா இருந்துவிடப் போகிறது என்று பெருமையாகக் கேட்டார்.

தீபாவளிக் காலையில், எண்ணெய் தேய்த்துக்கொள்ளுமுன், அதைக் கன்னத்தில் வைத்தேன். மயிரைப் பிய்த்துக்கொண்டு போனது. தாடையில் ரத்தம் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் கல்லே பட்டிருக்கவில்லை. தாள் வெட்டும் மெஷினின் பிளேடை ஒரு பக்கம் மட்டுமே தீட்டுவார்கள். மறுபக்கம் தட்டையாகவே இருக்க வேண்டும். முப்பது வருடமாக அந்த பிளேடோடு புழங்கியவர் சவரக்கத்தியையும் அதே கணக்கில் தீட்டி வைத்திருந்தார். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்டச் சொல்லிராதீக. மூணு நாளா ஒக்காந்து தீட்டுனாரு." மாமா ஓடிவந்து வெட்டுக்காயத்தின் மேல் புஸ்வாண லேபிள் துண்டு ஒன்றை ஒட்டினார். கத்தி எப்படி என்று கேட்டார். நல்லா இருக்கு மாமா என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு எட்டு வருடம் தண்டனை அனுபவித்தேன். சிவகாசிக்குப் போகும்போதெல்லாம் பேருந்து நிலையச் சலூனில் மழித்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்குள் நுழைவேன். கன்னத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்பார். நல்லா இருக்கு என்பேன். அதை நம்பி, மைத்துனிக்குக் கல்யாணமானதும் என் சகலைக்கும் அதே கடையில் ஒரு கத்தி வாங்கி, அதே மாதிரி தீட்டிக் கொடுத்தார். சகலை அந்தத் தீபாவளியன்று என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

பிறகு மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தது. பார்க்கப் போனபோது முகத்தில் நரைத்த தாடி. அந்தக் கத்தியாலேயே எடுத்துவிடச் சொன்னார். அடுத்த முறை கொண்டுபோனேன். வேறு வழி தெரியவில்லை. ஒரு இழுப்புதான். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. இடக்கையால் கத்தியை வாங்கிக் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தடவினார்.

"இதச் சொல்றதுக்கு ஒங்களுக்கு எட்டு வருசமா மாப்ளே? அன்னைக்கே சொல்லியிருந்தா மறுபக்கமும் தீட்டியிருப்பேன்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கல்லைக் கொண்டுவரச் சொன்னார். அவர் கட்டிலில் கிடந்தபடி ஏவ, நான் தீட்டினேன்: அழுத்தாதீக, இன்னும் படுக்கப் போடுங்க, தண்ணி விடுங்க. ஒரு மணி நேரம். மறுபடியும் அவர் கன்னத்தில் வைத்தேன். மறுபடியும் பிடுங்கியது. எப்படி இருக்கு என்று கேட்டார். பழைய பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நல்லா இல்ல மாமா. இது கத்தியே இல்ல" என்றேன்.

"அப்ப சின்ன மாப்ளையும் நல்லா இருக்குன்னாரே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோணிப்போன வாயால் அவர் சிரித்தார். பையிலிருந்த பிளாஸ்டிக் ரேசரை எடுத்து மிச்சத்தை மழித்துவிட்டேன். அந்த மார்கழியைத் தாண்டாமல் அவர் போய்விட்டார்.

இழுப்பறைக் கத்திக்கு இப்போது இரண்டு பக்கமும் கூர் இருக்கிறது. சவரம் மட்டும் செய்யாது. என் தாடைத் தழும்பைப் பார்த்துக் கத்தி எப்படி இருக்கிறது என்று கேட்கவும் ஆளில்லை. கேட்டால், இந்த முறை உடனே உண்மையைச் சொல்லிவிடுவேன்.