சட்டையைத் தேடி வந்த அந்துப்பூச்சிகள்

ஊரில் எல்லோருக்கும் அவர் பூச்சிக்காரர். அந்துப்பூச்சி எண்ணுவதுதான் பதினெட்டு வருஷமாக அவர் உத்தியோகம். தக்காளி வயல்களில் குச்சி நட்டுப் பொறி கட்டியிருப்பார். உள்ளே பெண் பூச்சியின் வாசம் ஏற்றிய ரப்பர் குமிழ் தொங்கும். ஆண் பூச்சிகள் மோப்பம் பிடித்து வந்து பைக்குள் விழும். பாவம், ஏமாந்த சோணகிரிகள்.

வானத்தைப் பார்த்தே பூச்சியைச் சொல்லிவிடுவார். வெயில் கொளுத்தினால் இலைப்பேன். தூறிவிட்டுப் புழுங்கினால் காய்ப்புழு. அடித்துப் பெய்தால் முட்டைகூட இலையில் தங்காது. இதையெல்லாம் கேட்க வீட்டில்தான் ஆளில்லை. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை.

அந்த வாரம் மூன்று நாள் பேய்மழை. மழை விட்டதும் ஒரு வயலில் குமிழ் மாற்றப் போனவர், வேர்க்கிறதென்று சட்டையைக் கழற்றிப் பொறிக் குச்சியில் மாட்டினார். அதை அப்படியே மறந்து பனியனோடு வீடு திரும்பினார். இரண்டு நாள் கழித்துப் போனால், பொறியின் பைக்குள் நாற்பது பூச்சி. இந்த மழைக்கு நாலுகூட இருக்கக் கூடாது. ஆனாலும் எண்ணிக்கையை நம்பி, வயல்காரப் பெண்ணிடம் மருந்து அடிக்கச் சொல்லிவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. காய்ப்புழுவாகும் அந்துப்பூச்சி முட்டைகளைத் தின்னும் குளவிகளுக்காக இரண்டு வருஷம் மருந்தே தொடாமல் காத்த வயல் அது. அடித்தால் அத்தனையும் சாகும்.

சாயங்காலம் கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். பாக்கெட்டைச் சுற்றி ஆறு அந்துப்பூச்சிகள். கையை விட்டால், அன்றைக்குப் பொறியிலிருந்து கழற்றிய பழைய குமிழ். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குமிழை அப்படியே விட்டுவிட்டு வயலுக்கு ஓடினார். அவள் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிக்காதேம்மா. தப்பு என்னோடது. பழைய குமிழ் இருந்த சட்டையை அங்கேயே விட்டுட்டேன். புதுசும் பழசும் சேர்ந்த வாசத்துக்குத்தான் அக்கம்பக்கத்துப் பூச்சி அத்தனையும் வந்திருக்கு."

"பதினெட்டு வருஷ ஆளு, இதையா மறந்தீங்கண்ணே?"

"இப்பல்லாம் மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

இருவருமாக ஐம்பது செடிகளின் இலைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு முட்டைகூட இல்லை. அவள் தெளிப்பானை இறக்கி வைத்தாள்.

"அப்போ எல்லாம் உங்களைத் தேடித்தான் வந்திருக்கு," என்று சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்து வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கினார். சட்டையை எடுக்கப் போனால், ஆறு பத்தாகியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வாளியைக் கவிழ்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போங்க," என்றார், வாய்விட்டு.