எட்டரைக் கோடியில் ஒரு சுணக்கம்

உள்ளங்கையளவு கணினிக்கு நான்கு படங்களை ஒரேயடியாக ஓட்டக் கொடுத்து, பெரிய பெரிய கோப்புகளைப் பிரதிபண்ணச் சொல்லி, அது கொதிக்கத் தொடங்கும்போது ஃபேனையும் நிறுத்திவிடுவாள் கஜந்தி. உப்புவெளி ஊரில் எறும்புக்கும் தீங்கு நினையாதவள் என்று பெயரெடுத்த பெண், முன்னறையில் பட்டப்பகலில் நடத்தும் சித்திரவதை இது.

இத்தனைக்கும் நடுவில், அதற்குள் இருக்கும் நிகழ்நேர லினக்ஸ் என்ற இயங்குதளம் செக்கனுக்கு ஆயிரம் தடவை, சொன்ன கணத்தில் விழிக்க வேண்டும். எவ்வளவு பிந்தியது என்று ஒரு செயலி பதிந்துகொண்டேயிருக்கும். சராசரியைப் பற்றிக் கதைத்தவர்கள் அவள் வீட்டில் தேநீர் குடித்ததில்லை. "சராசரியாப் பாத்தா எங்கட பஸ்ஸும் நேரத்துக்குத்தான் வருது. ஆகக்கூடின சுணக்கம் எவ்வளவு, அதைச் சொல்லுங்கோ" என்பாள். கணவன் யோகலிங்கம் கடைக்குப் போய்வருவதற்கும் இதே அளவுகோல்தான். பத்து வருடத்துக்கு முன் பிந்திவந்த ஒரு செவ்வாய்க்கிழமையை அவன் இன்னும் சுமக்கிறான்.

இந்தக் கணினி கிண்ணியா ஜமால்தீனின் படகுப் பட்டறைக்குப் போகவேண்டியது. படகைக் கரைக்கு இழுக்கும்போது கயிறு அளவுமீறி இறுகினால், கயிற்றைச் சுற்றியிழுக்கும் வின்ச் மோட்டாரை உடனே நிறுத்துவது இதன் பொறுப்பு. அங்கே, இது வந்தால்தான் கரைக்கு இழுக்கலாம் என்று காத்திருக்கும் ஒரு படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. இருவர் மாறிமாறி இறைக்கிறார்கள். இருபத்துநாலு மணிநேரச் சோதனை முடிய அரைமணி இருக்கும்போதே ஜமால்தீன் வந்து கதிரையில் குந்திவிட்டார்.

முடிவு வந்தது. அவள் வைத்த எல்லை இருநூறு மைக்ரோசெக்கன், செக்கனில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. எட்டரைக் கோடி விழிப்பில் ஒன்றே ஒன்று ஆயிரத்து நானூறு.

"கோடிக்கணக்கில ஒண்டு. அல்லாஹ்வே மன்னிச்சிருவான், தங்கச்சி."

"இண்டைக்கு ஆயிரத்து நானூறு. ஏனெண்டு தெரியாட்டி நாளைக்கு எவ்வளவு வருமெண்டு ஆர் சொல்லுறது, ஜமால்தீன் நானா? படகுக்குப் பக்கத்தில உங்கட ஆக்கள்தானே நிப்பினம்."

அவள் பதிவைத் துழாவினாள். அந்தச் சுணக்கம் விழுந்தது காலை பத்து இருபதுக்கு. வந்த மனிதருக்கு எண்களைக் காட்டிப் பெருமைப்பட, ஓடிக்கொண்டிருந்த கணினியில் அவளே திரையின் வயரைச் செருகிய நேரம்.

"அப்ப நீங்க எட்டிப் பாத்ததுதான் குத்தம். எங்கட பட்டறையில திரை ஏது? தாங்க, கொண்டு போறன்."

"அப்பிடித்தான் இருக்கும். ஆனா, இருக்குமெண்டு நினைச்சுப் படகை இழுக்க ஏலாது."

ஜமால்தீன் பட்டறைக்குத் தொலைபேசியில் அழைத்து, இன்னும் ஒரு நாள் இறைக்கச் சொன்னார். மறுமுனையில் சொல்லப்பட்டவை அச்சேறத் தக்கவை அல்ல.

கஜந்தி பூச்சியத்திலிருந்து சோதனையைத் தொடக்கினாள். திரையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பூட்டிய பிறகும் அவள் விரல்கள் பூட்டில் இருந்த திறப்பை விடவில்லை. பிறகு திறப்பை ஜமால்தீனிடம் நீட்டி, கிண்ணியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.