மச்சான் மருந்தடிக்காத மூலைகள்

தேனியில் என் வீட்டு மொட்டைமாடி அறையில், கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு நீல நிறத் தெளிப்பான் தொங்குகிறது. முதுகில் மாட்டிக்கொண்டு கைப்பிடியை அடித்து அடித்து மருந்து தெளிப்பார்களே, அதுதான். எங்கள் பக்கத்தில் அதற்கு டேங்க் என்று பெயர். அதன் வயிற்றில் வெள்ளை பெயின்ட்டால் ‘காய்க்கு மட்டும்’ என்று கோணல்மாணலாக எழுதியிருக்கும். மாடிக்கு வருகிறவர்கள் என் கத்தரியையும் பாகலையும் பார்க்கிறார்களோ இல்லையோ, இதைப் பார்த்துச் சிரிக்காமல் போனதில்லை. காய்க்குத் தவிர வேறு எதற்கு அடிப்பதாம் என்று கேட்பார்கள். கேட்டவர்களை நான் லேசில் விடுவேனா? உட்கார வைத்து முழுக்கதையையும் சொல்லித்தான் அனுப்புவேன். அந்த எழுத்து என் அக்காவின் வீட்டுக்காரர் எழுதியது. எனக்கு மச்சான்.

மச்சானுக்குத் தொழிலே மருந்தடிப்பதுதான். கோம்பை, உத்தமபாளையம், கம்பம் என்று திராட்சைப் பந்தல் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அவரைத் தேடுவார்கள். திராட்சைக்குப் பூஞ்சை பிடிக்காமல் அடிக்கிற மயில்துத்தத்தின் நீலம் அவருடைய சட்டைகளில் எல்லாம் ஏறியிருந்தது. கோயிலில் ஃபாதர் முன்னால் மாப்பிள்ளையாக நின்ற அன்றைக்குக்கூட நகக்கண்ணில் நீலம் இருந்ததாம். மோதிரம் போடும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். வேலையில் மனிதர் சுத்தம். இலைக்கு மேலே தெளித்துவிட்டுக் கூலி வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பூச்சி குடியிருப்பது இலைக்கு அடியில், அங்கே படாத மருந்து மண்ணுக்குத்தான் என்பார்.

அவரை வேலைக்குக் கூப்பிடும் தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்வார்கள். மோட்டார் ரூமுக்குப் பின்னாலோ, வரப்பு முடிகிற இடத்திலோ, ஏதாவது ஒரு மூலையில் நாலு பாத்தி காய்கறி இருக்கும். “அங்கன மட்டும் அடிச்சுராதப்பா, அது வீட்டுக்கு” என்பார்கள். வெளியில் இதை ஒருவரும் பேச மாட்டார்கள். வியாபாரி காதில் விழுந்தால் என்ன நினைப்பான்? மச்சானும் வாயைத் திறந்ததில்லை. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளும் நேரத்தில் அக்காவிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார். கேட்டுக் கேட்டு அக்காவுக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. பெரிய பெரிய தோட்டக்காரர்களே தங்கள் பிள்ளைகளுக்கு மருந்தில்லாத காய் கொடுக்கிறார்கள், மருந்தடிக்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் சந்தைக் காய் தின்ன வேண்டுமா என்று.

மகளிர் குழுக்கள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் குழுவுக்குத் தலைவி எங்கள் சின்னம்மா, வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தவள் அக்கா. கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைத் தோட்டம் போடக் கேட்டுப் பங்குச்சாமியாரிடம் போனார்கள். அதே இடத்தை வாலிபால் ஆடப் பையன்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் யோசித்துவிட்டுப் பெண்களுக்கே கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. பக்கத்திலேயே கோயில் நடத்தும் மாணவர் விடுதியின் சமையல்கட்டு. அதனால் ஒரு தடவை மருந்து வாடை வந்தாலும் இடம் வாலிபாலுக்குப் போய்விடும். அக்கா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மச்சானிடம், “உங்க டேங்க் அந்த வேலியைத் தாண்டப்படாது” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. மருந்தடிக்கிறவன் பொண்டாட்டி மருந்தில்லாத காய் போடுகிறாளாம் என்று குழாயடியில் பேச்சு. அக்கா காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

சாணமும் கோமியமும் வெல்லமும் போட்டு ஊறவைத்த டிரம்மும், குப்பை மக்குகிற குழியுமாகத் தோட்டம் வளர்ந்தது. கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை எல்லாம் பார்க்கவே கொள்ளை அழகு. நான் அப்போது சின்னமனூரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். அந்த வருஷத் திருவிழா நோட்டீஸ் எங்களிடம் அச்சுக்கு வந்தது. திருவிழா அன்று ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம் எங்களுக்குப் பெரிய விசேஷம். என்னால் சும்மா இருக்க முடிந்ததா? அக்கா மேல் இருந்த பெருமையில், ‘அசனத்துக்கான காய்கறிகள் அனைத்தும் நம் ஊர்ப் பெண்கள் மருந்தின்றி விளைவித்தவை’ என்று ஒரு வரியை ஃபாதரிடம் கேட்டு, கொட்டை எழுத்தில் சேர்த்துவிட்டேன். நோட்டீஸ் கூடலூர் வரைக்கும் போனது.

திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவரையில் அசுவினிப் பூச்சி ஏறியது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துக் கரைசல் செய்து, வேப்பங்கொத்தால் தொட்டுத் தொட்டுப் பெண்கள் உதறினார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்த மச்சானுக்குப் பொறுக்கவில்லை. இலைக்கு மேலேதானே விழுகிறது! அவர் செய்ததெல்லாம் ஆசையால் செய்ததுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. மறுநாள் காலைப் பூசைக்கு மணியடிக்கும் முன்னால் தன் டேங்கில் அந்தக் கரைசலை ஊற்றிக்கொண்டு போய், ஒரு செடி விடாமல், ஒவ்வோர் இலைக்கும் அடியில் அடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்கு வந்துவிட்டார். இலைகள் நனைந்திருந்ததைப் பெண்கள் பனி என்றும், வாடையை முந்தின நாள் உதறிய பூண்டு என்றும் நினைத்தார்கள். அசுவினி இரண்டே நாளில் ஓடிப்போனது. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் நாள் தக்காளிக் கொழுந்து சுருண்டது. பிறகு கத்தரி, பிறகு அவரை. நுனியெல்லாம் முறுக்கிக்கொண்டு, காம்பு வளைந்து, பூ உதிர்ந்தது. வைரஸ் என்றார் ஒருவர். சின்னம்மா நேராக என்னிடம் வந்து, “கொட்டை எழுத்துல போட்டியே ஆத்தா, ஊருக்கண்ணு பூராம் பட்டுருச்சு” என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மச்சான் மட்டும் ஒரு தக்காளிச் செடி முன்னால் குந்தி, சுருண்ட நுனியைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. அந்தச் சுருட்டலை அவருக்குத் தெரியாதா? போன வாரம் ஒரு தென்னந்தோப்பில் களைக்கொல்லி அடித்த டேங்க் அது.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பழி வைரஸ் மேலும் என் நோட்டீஸ் மேலும் போயிருக்கும். ஆனால் மறுநாள் பெண்கள் எல்லோரும் கூடியிருந்த நேரம் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்து வேலிக்கு வெளியே வைத்தார். தான் அடித்ததைச் சொன்னார். சோப்புப் போட்டு மூன்று தடவை அலசியதையும், மூடியைத் திறந்து மோந்து பார்த்ததையும், வாடையே இல்லாததால்தான் கரைசலை ஊற்றியதையும் சொன்னார். “நீ வேணா மோந்து பாரு” என்று மூடியைத் திறந்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா குனிந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலடி தள்ளி நின்ற எனக்கே குப்பென்று வந்தது.

“இம்புட்டு வாடை அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அக்கா கத்தப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதது தக்காளிக்காக இல்லை. குழம்பு தீயும்போதெல்லாம் அடுப்படிப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதரை எத்தனை தடவை ஏசியிருக்கிறாள்! பந்தல் பந்தலாக நடந்த இத்தனை வருஷத்தில் அந்த மூக்கு போய்விட்டது எங்கள் யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை.

ஃபாதரிடம் மச்சான் தனியாகவே போனார். திரும்பி வந்து, “இடத்தைப் பத்தி அசனம் முடிஞ்சு பேசிக்கிடலாம்னு சொன்னாக. நோட்டீசுல மருந்தில்லாத காய்னு போட்டாச்சு, அது வந்தாகணும்னாக” என்றார். எண்ணூறு பேர் சாப்பிடுகிற அசனம். இருப்பதோ ஒரு வாரம். மருந்து படாத காயை எங்கே போய்த் தேடுவது என்று சின்னம்மா தலையில் கைவைத்தாள். “எனக்குத் தெரியும்” என்றார் மச்சான்.

மறுநாளிலிருந்து அவருடைய டிவிஎஸ் ஃபிப்டி ஓயவில்லை. பின்னால் சாக்கோடு அக்கா. கோபம் முழுசாகத் தீரவில்லை, ஆனாலும் இவர் மூக்கை நம்பி அசனம் போட முடியாது என்று அவளே ஏறிக்கொண்டாள். எந்தத் தோட்டத்தில் எந்த மூலை என்று மச்சானுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். கோம்பையில் ஒரு தோட்டக்காரர் அப்படி ஒரு பாத்தியே என்னிடம் கிடையாது என்று சாதித்தாராம். மச்சான் எதிர்த்துப் பேசாமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நடக்க, தோட்டக்காரருடைய நாயும் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போய் வழிகாட்டியதாம். உத்தமபாளையத்து ராவுத்தர், திருவிழாவுக்கு என்றால் கேட்கவும் வேண்டுமா, பறித்துக்கொள் என்று கத்தியையும் கையில் கொடுத்து, ஆனால் வெளியே மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். ஒரு மூலையில் நாலு சுரைக்காய், ஒரு மூலையில் மடி நிறைய வெண்டை, ஒரு மூலையில் இரண்டே இரண்டு பூசணி. அக்கா ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துச் சாக்கில் போட்டாள்.

அசனத்தன்று அண்டாவில் கொதித்தது என்ன சாம்பார் என்று கேட்டால் சமையல்காரருக்கே பதில் தெரியாது. அவரை, முருங்கை, கத்தரி, பூசணி, கொத்தவரை என்று இருபது தோட்டத்துக் காய் அதில் இருந்தது. ஜெபம் முடிந்ததும் ஃபாதர் மைக்கை மச்சானிடம் கொடுத்தார். அவர் அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. “நோட்டீசுல போட்ட தோட்டம் என்னாலதேன் அழிஞ்சுச்சு. இது வேற வேற தோட்டத்துக் காய். யாருதுன்னு சொல்ல மாட்டேன். நான் அடிக்காத காய், அம்புட்டுத்தேன்” என்றார். கோம்பைத் தோட்டக்காரர் இரண்டாவது வரிசையில் தலையை இலைக்குள் புதைத்துக்கொண்டார். முதலில் சின்னம்மா சிரித்தாள், பிறகு பந்தி முழுக்கச் சிரித்தது. ஃபாதர் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டு, அக்காவைப் பார்த்து, அடுத்த விதைப்பு எப்போது என்று கேட்டார். வாலிபால் பையன்கள் அன்றோடு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

மச்சான் மருந்தடிப்பதை விட்டுவிடவில்லை. விட்டால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. தோட்டத்துக்கென்று புது டேங்க் ஒன்று வாங்கி, தானே பெயின்ட் வைத்து எழுதி, அந்த வேலியைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். குழு பெரிய டேங்க் வாங்கிய பிறகு, இரண்டாயிரத்துப் பத்தில் நான் தேனிக்கு வீடு மாறி வந்தபோது, பால்காய்ப்புக்குச் சீராக அந்தப் பழைய டேங்கைத் தோளில் சுமந்து வந்தார். எல்லோரும் குத்துவிளக்கும் குடமும் கொண்டுவந்த இடத்தில் என் மச்சான் கொண்டுவந்தது இது.

இப்போதும் அக்காவோடு என் வீட்டுக்கு வந்தால், தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே மாடிக்கு ஏறுவார். சுவரிலிருந்து டேங்கை இறக்கி, மூடியைத் திறந்து, தான் மோந்து பார்க்காமல் அக்காவிடம் நீட்டுவார். போன மாதமும் அப்படித்தான்.

“மோந்து பாரு.”

“புளிச்ச மோர் வாடைதேன்” என்றாள் அக்கா. என் கத்தரிக்கு நான் அடிக்கிற மோர்க்கரைசல் அது. மச்சான் திருப்தியாகத் திரும்ப மாட்டிவைத்தார். அப்போது கீழே என் அடுப்பிலிருந்து சாம்பார் வாசம் மாடி வரைக்கும் ஏறி வந்திருந்தது. படியிறங்கும்போது, இன்றைக்கு என்ன காய் என்று அவர் அக்காவிடம்தான் கேட்டார்.