போணிக் கை

திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் சித்தி வேலை செய்தாள். காலையில் முதல் வியாபாரமான போணி அவள் கையால்தான் ஆக வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். ராசியான கையாம். சித்தி சிலுவை போட்டுக்கொண்டு முதல் புடவையை விரிப்பாள். அவர் தன் சாமிக்கு ஊதுபத்தி காட்டுவார். எந்தச் சாமியும் கோபித்ததாகத் தெரியவில்லை.

பிறகு அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. வெயில் ஏறினால் நடை தள்ளாடியது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. நரம்பு வியாதி என்றே சொன்னோம். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. அதனால் பள்ளிக்கூடம் போகும் வழியில் மாதா சிலை இருக்கும் கற்குகைக் கெபியில் நின்று, சித்திக்கு உட்கார ஓர் இடம் கொடுங்க தாயே என்று தினமும் கேட்பேன்.

ஒரு லீவு நாளில் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். முதலாளி பேசிக்கொண்டிருந்தார்.

"காலங்காத்தால தள்ளாடிக்கினு நின்னா, கஸ்டமர் இன்னாம்மா நெனைப்பாங்க? போணியே கெட்டுப்போவும். நாளைலேர்ந்து மாடி குடோனுக்குப் போய்டு. குந்திக்கினே வேல பாக்கலாம்."

"கீழயே ஒரு ஸ்டூலு குடுங்க மொதலாளி. கை நடுங்கினாலும் எனக்கு விக்கத் தெரியும். அந்த இரும்புப் படி ஏற முடியாதுங்க."

"முடியலன்னா உன் இஷ்டம். நானா போவச் சொல்றேன்?"

"அக்காவுக்கு ப்ரமோஷன்டி!" என்றாள் புடவை மடித்துக்கொண்டிருந்த பெண். யாரும் சிரிக்கவில்லை.

என் காதில் விழுந்தது 'குந்திக்கினே' மட்டும்தான். மாதா என் வேண்டுதலைக் கேட்டுவிட்டார்! ஓடிப்போய் முதலாளிக்கு நன்றி சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், வாடிக்கையாளர் தட்டிலிருந்து ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை சித்தியைக் கெபிக்கு இழுத்துப்போய், நன்றிக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னேன். நடுக்கத்தில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், திரி பற்றியது. "கேட்டுட்டாங்க இல்ல சித்தி?" என்றேன். "ஆமாண்டி தங்கம்" என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நாள் ஏறிப் பார்த்தாள். ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்தவளை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அதோடு கடைக்குப் போகவில்லை. 'தானாகத்தான் விட்டாள், நான் நீக்கவில்லை' என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். நானும் அதையே நம்பினேன். மாதா கொடுத்த இடத்தை வேண்டாம் என்று வந்துவிட்டாளே என்று, சித்தியோடு பல நாள் பேசாமல் இருந்தேன்.