திறக்காத பக்கத்துக்குப் பொறுப்பேற்றவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறி உட்கார்ந்த நேரத்தில்தான் பேராசிரியர் காஜா மைதீன் அவர்களின் மகள் அழைத்தாள். "மேடம், அத்தா போயிட்டாங்க" என்றாள். கல்லூரி நிறுத்தத்தில் இறங்காமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் கல்லூரியில் அவர் விலங்கியல் துறை. நான் தமிழ்த் துறை. கல்லூரியின் ஆய்விதழை நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்கிற நிரந்தர இணைய அடையாள எண் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். இணையதளத்தின் முகவரி எத்தனை முறை மாறினாலும், அந்த எண்ணைத் தட்டினால் கட்டுரை வந்து நிற்க வேண்டும். ஆனால் தானாக வந்துவிடாது. முகவரி மாறும்போதெல்லாம் எண்ணுக்கு உரியவர்கள் புது முகவரியைப் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை யாரும் சொல்லாமலே அவர் எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை ஆசிரியர்கள் எல்லோருமாக அய்யனார் கோவில் அருவிக்குப் போயிருந்தோம். இவர் மட்டும் பாறையில் உட்கார்ந்து கைபேசியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். "ஏலே காஜா, தண்ணிக்கு வாலே" என்று இயற்பியல் ஆசிரியர் கத்தினார். "செத்த நேரம் இருலே. ஒரு கட்டுரை அந்தரத்துல நிக்கி" என்றார் இவர். அதைப் பதிந்து முடித்த பிறகுதான் சட்டையைக் கழற்றினார்.

அவர் ஓய்வுபெற்றதும் நிர்வாகம் மாறியது. இதழை நிறுத்தினார்கள். இணையதளத்தைப் புதிதாகச் செய்தபோது பழைய பக்கங்களை அழித்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பழைய மாணவி, ஆலங்குளத்துச் செல்வராணி சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. கரட்டு நிலத்துச் சிலந்திகளைப் பற்றி அவள் செய்த ஆய்வு எங்கள் இதழில் வந்திருந்தது. விரிவுரையாளர் நேர்காணலில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெற்றுப் பக்கம் வந்திருக்கிறது. கட்டுரையைக் கணக்கில் சேர்க்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை.

மறுநாளே காஜா மைதீன் சார் என்னையும் அழைத்துக்கொண்டு ஆலங்குளம் போனார். செல்வராணியின் தந்தை மானாவாரி விவசாயி. "புஸ்தகத்துல அச்சடிச்சிருக்குல்ல சார், அது காணாதா?" என்று கேட்டார்.

"காணாதுய்யா. அவங்க எண்ணத் தட்டித்தான் பாக்காங்க. எண்ணக் குடுத்தது நான். தப்பு எம்மேலதான்."

செல்வராணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாக் கட்டுரைகளுக்கும் சாரிடம் பிரதி இருந்தது. அவற்றை வேறொரு தளத்தில் ஏற்றியும் வைத்தார். ஆனால் எண்கள் கல்லூரியின் பெயரில் இருந்தன. கல்லூரி ஒப்புக்கொண்டால்தான் அவற்றைப் புது முகவரிக்குத் திருப்ப முடியும். கல்லூரிச் செயலாளரின் அறை வாசலில் போய் உட்காரத் தொடங்கினார். ஒருநாள் நானும் உடனிருந்தேன்.

"இதழையே நிறுத்தியாச்சு. இனி அதைத் தேடி யாரு வாரா?" என்றார் செயலாளர்.

"படிக்கிறவன் வருவான் சார். எங்கயோ ஒரு ஊர்ல ஒருத்தன் நம்ம எண்ண அடிக்குறிப்புல போட்டிருப்பான்."

செயலாளர் சிரித்தார். பார்க்கலாம் என்றார். ஆனால் பார்க்கவில்லை.

பிறகு காஜா சாருக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸுக்கு மதுரை போய்வந்த உடம்போடும் அந்த வாசலுக்குப் போனார். "விட்டுருங்க சார், உடம்பைப் பாருங்க" என்றேன். "நிரந்தரம்னு சொல்லித்தான மேடம் எல்லார்கிட்டயும் கட்டுரை வாங்குனோம்? எண்ணு அப்படியே கெடக்கு. அது காட்டுத எடத்துலதான் ஒண்ணுமில்ல" என்றார்.

அவர் இறந்த அன்று மாலை, அடக்கத்துக்காக அவரைப் பள்ளிவாசலுக்கு எடுத்துச் சென்றபோது பெண்கள் நாங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம். செல்வராணி வந்து என் பக்கத்தில் நின்றாள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

"சார் வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிஞ்சதும் போன் பண்ணுவாரு, மேடம். 'இன்னும் ஆகலைம்மா'ம்பாரு. அம்புட்டுத்தான். வச்சிருவாரு."

"நீ என்ன சொல்லுவ?"

"சரி சார்ம்பேன். வேற என்ன சொல்ல? நான் இன்டர்வியூவுக்குப் போறதையே விட்டுட்டேன். அவர்ட்ட சொல்லத்தான் மனசு வரல."

அவர் இந்த அழைப்புகளைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் நான் செல்வராணியை அழைத்தேன். உடனே எடுத்தாள். "சொல்லுங்க மேடம்" என்றாள். சாரைப் போல 'இன்னும்' என்று தொடங்கத்தான் நினைத்திருந்தேன். என்றைக்காவது ஆகும் என்று நம்புகிறவர் சொல்லும் சொல் அது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். பிறகு வைத்துவிட்டோம்.

இனி அந்தச் செயலாளர் வாசலில் நீங்கள் காத்திருக்க வேண்டாம், சார். போய் வாருங்கள்.